கெயார் ஹோம் நடத்தும் எம்மவர்களுக்கு: அக்காவுக்கு ஒருக்கால் போன் எடுங்கள்

இங்கிலாந்தில் கெயார் ஹோம் (முதியோர் பராமரிப்பு இல்லம்) நடத்தும் அண்ணைமாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம்.

போன மாதம் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் இருவர் கதைத்துக்கொண்டு நின்றார்கள். உங்களில் இருவர்தான். "ஆக்கள் இல்லை. விளம்பரம் போட்டாலும் ஒருத்தரும் வருகினமில்லை. ஏஜென்சிக்குக் கட்டிக் கட்டியே முடியுது" என்றார் ஒருவர். "விசாவையும் நிப்பாட்டிப்போட்டாங்கள், இனி எங்க போறது?" என்றார் மற்றவர். நான் தட்டைப் பிடித்தபடி பேசாமல் நின்றேன். கோயிலில் வைத்து வாயைத் திறக்க மனம் வரவில்லை. அன்று விழுங்கியதை இப்போது எழுதுகிறேன்.

ஆள் இருக்கிறா. கோவிட் ஊசி போடவில்லை என்று நீங்கள்தான் அவவை வேலையை விட்டு அனுப்பினீர்கள்.

உங்களில் ஒருவரிடம் நான் ஒன்பது வருடம் வேலை செய்தேன். பெயரும் ஊரும் சொல்லமாட்டேன். வாசித்தால் அவருக்கே விளங்கும். அவரை மட்டும் கூண்டில் ஏற்றுவதற்கு இந்த மடல் இல்லை. இதே கதையை வேறு மூன்று நாலு கெயார் ஹோம்களில் வேலை செய்த பெண்களிடமும் கேட்டிருக்கிறேன். பெயர்தான் வேறு.

அந்த அக்கா எனக்கு முன்னமே அங்கே சேர்ந்தவர். ஆளைத் தூக்கும் ஹொயிஸ்ற் பிடிக்கவும், படுக்கையில் கிடப்பவரை நோகாமல் பக்கம் திருப்பவும், விழுங்கச் சிரமப்படும் ஒருவருக்குக் கரண்டியை எந்தக் கோணத்தில் கொண்டுபோக வேண்டும் என்றும் எனக்குப் பழக்கியவர் அவர்தான். 93 வயது மூதாட்டி ஒருவர் இருந்தார். வேறு யார் தலை வாரினாலும் கையைத் தட்டிவிடுவார். அக்கா மட்டும் உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு போய், ஊரில் அம்மம்மாவுக்கு வாருவதுபோல மெல்ல வாருவார். மூதாட்டி கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். அந்த எண்ணெய் வாசம் நடைபாதை முழுக்க இருக்கும். பரிசோதகர்கள் வந்தபோது "இது கெயார் பிளானில் இருக்கிறதா?" என்று கேட்க, மனேஜர் அவசரம் அவசரமாக எழுதிச் சேர்த்தது எனக்கு நினைவிருக்கிறது.

கோவிட் வந்த 2020 வசந்தம் உங்களுக்கு மறந்திருக்காது. மார்ச் 17ஆம் திகதி ஆஸ்பத்திரிக் கட்டில்களைக் காலியாக்கச் சொல்லி, அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ். கடிதம் அனுப்பியது. அதிலிருந்து ஏப்ரல் 15 வரை ஏறத்தாழ 25,000 பேரை ஆஸ்பத்திரிகள் கெயார் ஹோம்களுக்கு அனுப்பின. நோய்க்குறி இல்லாதவரைப் பரிசோதித்துத்தான் அனுப்ப வேண்டும் என்ற விதி அந்த நாட்களில் இல்லை. எங்களுக்கும் வந்தார்கள். வந்த இரண்டாம் கிழமை மேல்மாடியில் ஒருவருக்கு இருமல். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். பதினொரு பேர்.

அந்த ஐந்து கிழமையும் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. விளையாட்டு அறையில் மெத்தை போட்டுப் படுத்தார். அவருக்கும் காய்ச்சல் வந்தது, மணம் சுவை போனது, பத்தாம் நாள் திரும்ப வேலைக்கு இறங்கினார். பிள்ளைகள் வந்து பார்க்க முடியாத கட்டில்களுக்குப் பக்கத்தில் அவர்தான் இருந்தார். ஒருவர் இறந்தால் அந்த அறையின் ஜன்னலைத் திறந்துவிடுவது இங்கத்தைய தாதிமாரின் பழைய வழக்கம். அந்த ஏப்ரலில் காலையில் வேலைக்கு வரும்போது, கார் நிறுத்துமிடத்தில் நின்று எத்தனை ஜன்னல் திறந்திருக்கிறது என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். திறந்ததில் பாதி அக்காவின் கை.

வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஊரே கை தட்டியது. நீங்களும் வாசலில் நின்று தட்டி, அதை வீடியோ எடுத்துக் குழுவில் போட்டீர்கள்.

இனி ஊசிக்கு வருகிறேன். என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் இந்த மடலை வெட்டி வேறு விதமாகப் பகிரக்கூடாது. நான் ஊசி போட்டவள். 2021 ஜனவரியில் எங்கள் முறை வந்ததும் போட்டேன். அன்றிரவு குளிரும் காய்ச்சலும். இரண்டு பனடோலோடு அது போயிற்று. ஊசி வந்த பிறகு எங்கள் இல்லத்தில் இறப்பு எப்படிக் குறைந்தது என்று கண்ணால் பார்த்தவள். என் அம்மாவை ஒரு இல்லத்தில் விட வேண்டி வந்தால், அங்கே உள்ளவர்கள் ஊசி போட்டிருக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புவேன்.

அக்காவும் ஊசிக்கு எதிரி இல்லை. இடது தோளில் பி.சி.ஜி. தழும்பு இன்னும் இருக்கிறது. ஹெப்படைற்றிஸ் பி (ஈரல் அழற்சி) ஊசி மூன்றும் வேலைக்குச் சேரும்போது போட்டவர். அவருடைய பயம் ஒன்றே ஒன்றுதான். கல்யாணம் முடித்து ஒன்பது வருடம். இரண்டு முறை ஐ.வி.எஃப். (செயற்கைக் கருத்தரிப்பு) செய்து சரிவரவில்லை. மூன்றாவதுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார், மணிக்கு 8 பவுண் 91 பென்ஸ் சம்பளத்தில்.

அந்தப் பயம் வட்ஸ்அப்பில் மட்டும் முளைத்தது என்று நீங்கள் நினைத்தீர்கள். இல்லை. 2020 டிசம்பர் தொடக்கத்தில் இந்த நாட்டின் மருந்து ஒழுங்குமுறை முகமை தந்த ஆலோசனையே, கர்ப்பிணிகளுக்கு ஊசி வேண்டாம், இரண்டாவது ஊசி போட்டு இரண்டு மாதம் வரை கர்ப்பம் தரிப்பதைத் தவிர்க்கவும் என்றுதான் இருந்தது. டிசம்பர் 30ஆம் திகதி அதை மாற்றினார்கள். பிள்ளைக்கு முயற்சி செய்பவர்கள் எதையும் தள்ளிப்போட வேண்டியதில்லை என்றார்கள். 2021 ஏப்ரல் 16 அன்று கர்ப்பிணிகளுக்கும் வயது வரிசைப்படி ஊசி கொடுக்கலாம் என்று வந்தது. தரவு வர வர ஆலோசனை மாறுவது சரிதான். பிள்ளைப்பேற்றுக்கு இந்த ஊசியால் கேடு என்பதற்கு ஆதாரம் இல்லை என்று மகப்பேற்று மருத்துவர்களின் கல்லூரியும் தெளிவாகச் சொன்னது. ஆனால் முதலில் வந்த துண்டுக் காகிதத்தை அக்கா மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். பிறகு வந்த திருத்தத்தை அவருக்கு எடுத்துச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

இருந்திருக்கலாம். அதுதான் என்னை இன்றைக்கும் வதைக்கிறது. 2021 பெப்ரவரியில் எங்களில் நாலு பேர் ஊசி போடாமல் இருந்தார்கள். பக்கத்து ஜீ.பீ. சேர்ஜரியிலிருந்து (குடும்ப வைத்தியரின் கிளினிக்) ஒரு தாதி வந்தா. நைஜீரியாக்காரி, ஐம்பது வயதிருக்கும். மேசைப் பேச்சு, ஸ்லைட் ஒன்றும் இல்லை. குசினியில் தேத்தண்ணியோடு இருந்து, "உனக்கு என்ன பயம், சொல்" என்று ஒவ்வொருவராகக் கேட்டா. யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒருத்திக்கு இரத்தக்கட்டிப் பயம், இன்னொருத்திக்குத் தன் தேவாலயத்தில் சொன்ன ஏதோ ஒன்று. தெரிந்ததைத் தெரியும் என்றா, தெரியாததற்கு "கேட்டுச் சொல்கிறேன்" என்றா. ஒரு மணித்தியாலம். அடுத்த கிழமை மூன்று பேர் போய்ப் போட்டார்கள்.

அக்காவுக்கு அந்தக் கிழமை நைட் டியூட்டி. தாதி வந்த நேரம் வீட்டில் நித்திரை. திரும்ப ஒருக்கால் அந்தத் தாதியைக் கூப்பிடலாமா என்று நான் மனேஜரிடம் கேட்டேன். பார்ப்போம் என்றார். பார்த்தபாடில்லை.

பிறகு வந்தது சட்டம். 2021 ஜூலை 13 அன்று நாடாளுமன்றத்தில் 319க்கு 246 என்று நிறைவேறியது. இதனால் என்ன விளைவு வரும் என்ற முழுமையான மதிப்பீட்டை உறுப்பினர்கள் முன் வைக்காமலே வாக்கெடுத்தார்கள். பிறகு வந்த அரசின் சொந்தக் கணிப்பே 40,000 பேர் வேலையை விட்டுப் போவார்கள் என்றது. நவம்பர் 11 முதல் இரண்டு ஊசியும் போடாதவர் இங்கிலாந்தில் எந்தக் கெயார் ஹோமுக்குள்ளும் வேலைக்கு நுழைய முடியாது. செப்டெம்பர் 16க்குள் முதல் ஊசி போட்டிருக்க வேண்டும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் இப்படி ஒரு சட்டம் இல்லை. எங்கள் முதியவரை அம்புலன்சில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், அங்கே ஊசி போடாத தாதி அவரைப் பார்க்கலாம். அதே தாதி கெயார் ஹோமுக்கு வேலைக்கு வர ஏலாது.

விலக்கும் இருந்தது. கர்ப்பிணிகள் தற்காலிக விலக்குக் கேட்கலாம். வயிற்றில் பிள்ளை இருந்தால் விலக்கு. பிள்ளைக்காகக் காத்திருப்பவளுக்கு இல்லை. அக்கா அந்தப் படிவத்தை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். பொய்யாக ஏதாவது நிரப்பினால் தப்பலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "பொய் எழுதிப் போட்டு எப்பிடி அந்தச் சனத்துக்குச் சோறு தீத்துறது?" என்று கேட்டுவிட்டுத் திரும்ப மடித்து வைத்தார்.

சட்டம் உங்கள் கையைக் கட்டியது, எனக்கு விளங்குகிறது. மீறினால் இல்லம் நடத்தும் உங்கள் பதிவுக்கே ஆபத்து. பதினொரு பேரைப் பறிகொடுத்த ஒரு இல்லத்தின் முதலாளி ஊசியில் பிடிவாதமாக நின்றதையும் நான் பிழை சொல்லமாட்டேன். நீங்கள் அவவை நிப்பாட்டியதற்காக இந்த மடல் எழுதவில்லை. நிப்பாட்டிய விதத்துக்கும், அதற்குப் பிறகு நாலு வருடமாக வாயே திறக்காமல் இருப்பதற்கும்தான் எழுதுகிறேன்.

இரண்டு கூட்டம் வைத்தீர்கள். இரண்டாவது ஸூமில், பன்னிரண்டு நிமிடம். நான் துணைக்கு இருந்தேன், அதனால் தெரியும். என்ன பயம் என்று நீங்கள் கேட்கவில்லை. அக்காவே தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒரு ஆம்பிளைக்கு முன்னால், அதுவும் ஊர்க்காரருக்கு முன்னால், தன் வயிற்றைப் பற்றிச் சொல்வது எங்கட பெண்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். அதற்கு நீங்கள் சொன்னது: "பிள்ளை கடவுள் தாறது. சம்பளம் நான் தாறது. எது வேணுமெண்டு நீங்களே முடிவெடுங்கோ."

ஆங்கிலேய முதலாளி ஒருவர் இந்த வசனத்தைச் சொல்லியிருக்கமாட்டார். மனிதவளப் பிரிவு எழுதித் தந்ததை வாசித்திருப்பார். நீங்கள் தமிழில் சொன்னீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் கோவிட்டுக்கு மருந்து என்று சொன்ன கேகாலைப் பாணிக்கு ஊரே வரிசையில் நின்றதே, இலங்கைச் சுகாதார அமைச்சரே அதைக் குடித்துக் காட்டி அடுத்த மாதம் கோவிட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனாரே, அந்த வீடியோவை எங்கள் வேலைக் குழுவுக்கு அனுப்பியது நீங்கள்தான். பகிடிக்கு அல்ல. ஆறு மாதத்துக்குப் பிறகு அக்காவை "படிக்காத சனம் மாதிரி" என்றீர்கள்.

ஊரில் சின்னனில் எங்களுக்கு ஊசி யார் போட்டது, நினைத்துப் பாருங்கள். எங்கள் ஒழுங்கையால் ஒரு மருத்துவமாது சைக்கிளில் வருவா. வெள்ளைச் சேலை, கூடையில் பதிவுப் புத்தகம். எந்த வீட்டில் எத்தனை மாதப் பிள்ளை என்று அவவுக்கு மனப்பாடம். கிளினிக்குக்கு வராத தாயைத் தேடிப் படலையைத் திறந்துகொண்டு வந்து திண்ணையில் இருப்பா. ஏசுவா, பிறகு பிள்ளையைத் தூக்கி மடியில் வைப்பா. போகும்போது அந்தத் தாய் திகதி கேட்டு எழுதிக்கொள்வாள். தொண்ணூறுகளில் போலியோச் சொட்டுக் கொடுப்பதற்காகச் சண்டையையே சில நாள் நிறுத்தினார்கள். ஷெல் அடித்த சனமும் ஷெல் வாங்கிய சனமும் ஒரு சொட்டு மருந்துக்கு வழி விட்ட நாட்டிலிருந்து வந்த எங்களுக்கு, ஒரு பெண்ணோடு ஒரு மணித்தியாலம் இருந்து கதைக்கத் தெரியாமல் போனதா?

நவம்பர் 10 காலை எட்டு மணிக்கு அக்காவின் கடைசி நைட் முடிந்தது. இரண்டு ட்யூனிக்கும் (வேலைச் சட்டை) முதல் நாளே தோய்த்து, அயன் பண்ணி, கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மனேஜர் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்: ட்யூனிக் 2, பெயர்ப் பட்டி 1, லொக்கர் திறப்பு 1, பெற்றுக்கொண்டேன். கையெழுத்து. பதினொரு வருடத்துக்கு அந்தத் துண்டுதான். பிறகு மேலே போய் மூதாட்டிக்குத் தலை வாரிவிட்டு, சொல்லாமல் படியிறங்கினார். எண்ணெய்ப் போத்தலை என்னிடம் தந்தார். நான் வாரினேன், மூதாட்டி கையைத் தட்டிவிட்டார்.

அடுத்து நடந்ததைத் திகதி போட்டுச் சொல்கிறேன். என்.எச்.எஸ். ஊழியருக்கும் 2022 ஏப்ரல் 1 முதல் இதே சட்டம் வருவதாக இருந்தது. முதல் ஊசிக்குக் கெடு பெப்ரவரி 3. கெடுவுக்கு மூன்று நாள் முன்னர், ஜனவரி 31 அன்று, சுகாதார அமைச்சர் சஜித் ஜாவிட் எழுந்து, ஒமிக்ரோன் என்ற புதிய கோவிட் வகை வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது, இந்தச் சட்டம் இனி அளவுக்கு மீறியது என்றார். ஆஸ்பத்திரிகளில் இருந்தவர்கள் தப்பினார்கள். மார்ச் 15ஆம் திகதி கெயார் ஹோம் சட்டமும் நீக்கப்பட்டது. நாலு மாதமும் நாலு நாளும். அவ்வளவுதான் அந்தச் சட்டத்தின் ஆயுள். அடுத்த மாதம் 27ஆம் திகதி உயர் நீதிமன்றம், பரிசோதிக்காமல் முதியவர்களைக் கெயார் ஹோம்களுக்கு அனுப்பிய அரசின் கொள்கை சட்டவிரோதமானது என்று தீர்ப்புச் சொன்னது. அதற்காக யாரும் ட்யூனிக் திருப்பிக் கொடுக்கவில்லை. முதியவர்களை அனுப்பிய காலத்தில் சுகாதார அமைச்சராக இருந்த மற் ஹன்கொக் 2021இல் பதவி விலகியது உண்மைதான். அது அலுவலகத்தில் சமூக இடைவெளி விதியை மீறிய வேறு ஒரு விஷயத்துக்கு.

வழக்குப் போட்டிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வேலை போய் மூன்று மாதத்துக்குள் போட்டிருக்க வேண்டும். அக்கா அந்த மூன்று மாதமும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. போட்டிருந்தாலும் வென்றிருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். 2022 ஜனவரியில் தொழில் தீர்ப்பாயம் ஒன்று, ஊசி மறுத்த கெயார் ஹோம் ஊழியரை நிறுத்தியது நியாயமே என்று முதலாளி பக்கம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. எனவே சட்டப்படி நீங்கள் ஒன்றும் கடன்படவில்லை. சட்டத்தைப் பற்றி நான் இனிக் கதைக்கவில்லை.

சட்டம் நீங்கிய அன்று உங்களிடம் அக்காவின் நம்பர் இருந்தது. அந்த வருடம் இங்கிலாந்தில் கெயார் வேலைகளில் ஏறத்தாழ 165,000 வெற்றிடம். பதினொரு வருட அனுபவம் உள்ள, பிரிந்து போன நாளில்கூட உங்களை ஒரு வார்த்தை ஏசாத ஒருவருக்கு நீங்கள் போன் எடுக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். 2022 பெப்ரவரி 15 முதல் கெயாரர்களை வெளிநாட்டிலிருந்து விசாவில் கூப்பிடலாம் என்று வந்துவிட்டது. விசாவில் வருபவர் வாய் காட்டமாட்டார், வேறு இடம் போகவும் பயப்படுவார். எல்லோரையும் சொல்லவில்லை. ஆனால் ஊரில் காணியை ஈடு வைத்து முகவருக்குக் காசு கட்டி வந்த பிள்ளைகளோடு நான் ஷிப்ட் செய்திருக்கிறேன். சொன்ன மணித்தியாலம் கிடைக்காமல் இரவில் அழுததைப் பார்த்திருக்கிறேன். 2025 ஜூலை 22 உடன் அந்தக் கதவும் மூடியது. அதனால்தான் இப்போது அன்னதான வரிசையில் நின்று ஆள் இல்லை என்கிறீர்கள்.

அக்காவின் றெபரன்ஸ் கடிதத்தை நான் பார்த்தேன். "வேலை நீக்கம் செய்யப்பட்டார்" என்று ஒரு வரி. காரணம் இல்லை. கெயார் வேலையில் காரணம் இல்லாமல் அந்த வரி நின்றால் வாசிப்பவர் என்ன நினைப்பார்? களவு, அல்லது முதியவரை அடித்தது. இரண்டு இடத்தில் நேர்முகம் வரை போய்த் திரும்பி வந்தார். மூன்றாவது இடத்துக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை. அந்தக் கடிதத்தைத் திருத்திக் கொடுங்கள். "அப்போதிருந்த, பின்னர் நீக்கப்பட்ட சட்டத்தின் காரணமாக, அவருடைய வேலையில் குறை இல்லை" என்று எழுத உங்களுக்கு ஐந்து நிமிடம் ஆகாது. அவரைப்போல நீங்கள் அனுப்பிய மற்றவர்களின் கோப்புகளையும் எடுத்துப் பாருங்கள். எல்லோரும் திரும்பி வரமாட்டார்கள். வர விரும்புபவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு அக்கா ஊசி போட்டாரா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம், இப்போது சட்டமும் கேட்பதில்லை. பிள்ளையைப் பற்றியும் கேட்க வேண்டாம். அந்த ஸூமில் நீங்கள் சொன்ன வசனத்துக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேலை விஷயத்தை மட்டும் கதையுங்கள்.

அதே நம்பர்தான். இப்போது ஒரு சூப்பர்மார்க்கெட்டில் இரவு வேலை, தட்டுகளில் பெட்டி அடுக்குவது. காலை ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவார். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு எடுங்கள். அதற்கு முன்னர் நித்திரை.

இப்படிக்கு,
உங்களிடம் ஒன்பது வருடம் வேலை செய்த ஒருத்தி